காருக்குக் காற்று வாங்கக் காசு செலவழிக்கலாமா?

கல்லூரிப் பையன் ஒருவன் கையில் கார் கிடைத்ததும் முதலில் செய்ய நினைக்கும் மாற்றம் அநேகமாக இதுதான். பானெட்டைத் திறந்து, கம்பெனி வைத்த கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பளபளவென்று ஒரு குழாயும் அதன் நுனியில் சிவப்பாக ஒரு கூம்பு ஃபில்டரும் மாட்டுவது. இதற்கு 'கோல்ட் ஏர் இன்டேக்' என்று பெயர். ஏன் இதில் ஆரம்பிக்கிறார்கள்? சுலபம் என்பதால்தான். ஒரு ஸ்க்ரூடிரைவரும் 10-ம் நம்பர் ஸ்பேனரும் இருந்தால் போதும், ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. அப்பாவுக்கும் தெரியாது!

விற்பவர்கள் மூன்று வாக்குறுதி தருகிறார்கள். பிக்கப் கூடும், மைலேஜ் கூடும், சத்தம் கம்பீரமாக இருக்கும். மூன்றாவது நூற்றுக்கு நூறு உண்மை. முதல் இரண்டும்தான் இடிக்கிறது.

மைலேஜ் கதை

இந்த நம்பிக்கை கார்புரேட்டர் காலத்திலிருந்து வருகிறது. அப்போது ஃபில்டர் அடைத்துக்கொண்டால் காற்று குறையும், ஆனால் பெட்ரோல் அதே அளவுக்குக் குறையாது. வண்டி பெட்ரோல் குடிக்கும், புகை கக்கும். ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் ஏறும். அது நியாயமான அனுபவம்தான்.

ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்தபிறகு கணக்கே மாறிவிட்டது. உள்ளே போகும் காற்றை சென்சார் அளக்கிறது. இ.சி.யூ. என்ற குட்டிக் கம்ப்யூட்டர் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற எடைக் கணக்கில் பெட்ரோலைத் தெளிக்கிறது. சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், கணக்கு சரிதானா என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. காற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. இன்ஜெக்ஷன் கார்களில் ஏர் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டியும் மைலேஜில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. முழு ஆக்ஸிலரேட்டரில் வேகம் பிடிப்பதுதான் மந்தமானது. அடைத்த ஃபில்டரே மைலேஜைக் குறைக்கவில்லை என்றால், சுத்தமான பேப்பர் ஃபில்டரைத் தூக்கிவிட்டுக் கூம்பு வைப்பதால் மைலேஜ் எப்படிக் கூடும்?

பிக்கப் கதை

1,200 சி.சி. இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் அது முழு மூச்சு இழுக்கும். 6,000 ஆர்.பி.எம்.மில் அதிகபட்சம் நிமிடத்துக்குச் சுமார் 3,600 லிட்டர் காற்று. கம்பெனி டப்பாவும் ஃபில்டரும் இந்த அளவை மனதில் வைத்துத்தான் செய்யப்படுகின்றன. ஆனால் டிராஃபிக்கில் 2,000 ஆர்.பி.எம்.மில், பாதி கூட மிதிக்காத ஆக்ஸிலரேட்டரில் ஓடும்போது காற்றைத் தடுப்பது ஃபில்டர் அல்ல, முக்கால்வாசி மூடியிருக்கும் த்ராட்டில் தகடு. வாசல் கதவைச் சாத்திவைத்துவிட்டுத் தெருவை அகலப்படுத்தி என்ன பயன்?

அடுத்தது வெப்பம். கம்பெனிக் குழாய் பெரும்பாலும் கிரில் பக்கத்திலிருந்து வெளிக்காற்றை இழுக்கிறது. மலிவான கூம்போ தடுப்பு எதுவும் இல்லாமல் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. காற்று 3 டிகிரி சூடானால் அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். வெளியே 35 டிகிரி, பானெட்டுக்குள் 65 டிகிரி என்றால் சுமார் 9 சதவீதம் காற்று போச்சு! பெயர் கோல்ட் ஏர், குடிப்பது அனல் காற்று.

அப்படியானால் ஓட்டுபவர்கள் 'சூப்பரா இழுக்குது மச்சி' என்று சொல்வது பொய்யா? பொய் இல்லை. காது ஏமாற்றுகிறது. சத்தம் கூடினால் வேகம் கூடியது போலவே இருக்கும். டைனோவில் ஏற்றி, மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நஷ்டக் கணக்கு

காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சார் உள்ள கார்களில், அதைச் சுற்றியுள்ள குழாயின் விட்டம் மாறினாலே அளவு தப்பும். எண்ணெய் தடவும் வகை ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் அது சென்சாரின் மெல்லிய சூட்டுக் கம்பியில் போய்ப் படியும். கிளாம்ப் சரியாக இறுகாவிட்டால் அளக்கப்படாத காற்று உள்ளே நுழையும். விளைவு, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. எம்.ஏ.பி. சென்சார் வைத்த கார்களில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் தூசி எல்லாக் காருக்கும் பொது. காற்று எளிதாகப் போகும் ஓட்டையில் தூசியும் எளிதாகப் போகும். அது சிலிண்டருக்குள் உப்புத்தாள் வேலை பார்க்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து தண்ணீர். குளிர்ந்த காற்று வேண்டும் என்று சிலர் குழாயை பம்பருக்குக் கீழே இறக்கிவிடுகிறார்கள். 2015 டிசம்பரில் சென்னைத் தெருக்கள் எப்படி இருந்தன என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. உயரத்தில் வாய் வைத்த கார்களுக்கே அந்த வெள்ளத்தில் ஆபத்து. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஓடும் இன்ஜினுக்குள் அது போனால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். இந்தச் சேதத்துக்குத் தனியாக 'இன்ஜின் பாதுகாப்பு' சேர்க்காத சாதாரண இன்ஷூரன்ஸில் பொதுவாகப் பணம் கிடைப்பதில்லை. ஆயிரங்களில் வாங்கிய குழாய், லட்சத்தில் செலவு வைக்கும்.

யாருக்கு இது தேவை?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலோ, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ பந்தயம் ஓட்டுபவருக்குத் தேவைப்படலாம். அவர் கேம்ஷாஃப்ட், எக்ஸாஸ்ட், இ.சி.யூ. மேப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுகிறார். இன்ஜினை அடிக்கடி பிரித்துப் பார்க்கிறார். டர்போ கார்களில் ரீமேப்போடு சேர்த்துச் செய்தால் பலன் தெரியக்கூடும். மற்றபடி, சாதாரண பெட்ரோல் காரில் தனியாக ஒரு கூம்பை மட்டும் மாட்டுவது, மூக்கை மட்டும் பெரிதாக்கிக்கொண்டு ஓட்டப்பந்தயத்துக்குப் போவது போல.

ஆசை அடங்கவில்லையா? கம்பெனி டப்பா அப்படியே இருக்கட்டும். அதற்குள் உட்காரும் பேனல் ஃபில்டர் கிடைக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் அதே காசில் டயர், ஸ்பார்க் பிளக், புதுப் பேப்பர் ஃபில்டர் என்று பார்த்துக்கொண்டால் வண்டி நிஜமாகவே நன்றாக ஓடும்.

சத்தம் பிடித்திருக்கிறது, அதற்காகத்தான் மாட்டுகிறேன் என்பவரோடு சண்டையே இல்லை. அவர் கேட்டது அவருக்குக் கிடைத்துவிட்டது. குதிரைத்திறன் என்று நினைத்து அப்பாவின் காரைப் பணயம் வைப்பவர்தான், பானெட்டை மூடும் முன் இன்னொரு முறை யோசிக்க வேண்டும்.