காற்றோடு போகும் கச்சேரி

வானொலியில் வித்வான் கல்யாணி ராகத்தை விஸ்தாரமாக ஆலாபனை செய்துகொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கும். ஓடிப்போய்த் திரும்புவதற்குள் கச்சேரி முடிந்து செய்தி வந்துவிடும். இந்தத் துக்கத்தை அறியாத குடும்பம் உண்டா?

சென்னை நிலையம் 1938 ஜூன் 16ந் தேதியும், திருச்சி நிலையம் 1939 மே 16ந் தேதியும் ஆரம்பமாயின. அந்நாளில் வித்வான்கள் பெரும்பாலும் நிலையத்துக்கே வந்து நேராகப் பாடினார்கள். பாடிய பாட்டு காற்றோடு போயிற்று. "இப்போதுதான் எல்லாம் இன்டர்நெட்டில் இருக்கிறதே!" என்று நேயர்கள் சொல்லக்கூடும். நாம் அப்படி நிம்மதி கொள்வதற்கில்லை. 1941ல் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் வானொலி ஒலிபரப்பு, 2017 ஏப்ரல் 30ந் தேதியோடு நின்றது. நிலையத்தார் தமது சௌகரியத்தைப் பார்ப்பார்களே தவிர, நம் வீட்டுப் பாட்டி எதைத் திரும்பக் கேட்க விரும்புகிறாள் என்று விசாரிக்க மாட்டார்கள்.

இன்டர்நெட் வானொலி ஆற்று நீர் போன்றது. ஒலி துண்டு துண்டாக வருகிறது. ஒலித்தவுடன் கம்ப்யூட்டர் அதை மறந்துவிடுகிறது. பதிவு செய்வது என்பது அதனிடம் "மறவாதே" என்று சொல்வதுதான். இதற்கு வி.எல்.சி. என்ற இலவசச் சாதனம் ஒன்றே போதும். 1996ல் பாரிஸ் எக்கோல் சாந்த்ரால் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலையில் பிறந்தது அது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியை 1954ல் வழியனுப்பிய புதுவையில், இந்த ஒரு பிரெஞ்சுச் சரக்கைத் தேங்காய்த்திட்டு வீடுகள் தாராளமாக வரவேற்கலாம்! நிலையத்தின் ஒலி ஓட்ட முகவரியை அதில் இட்டு, சிவப்பு வட்டப் பொத்தானை அழுத்தினால் பதிவு ஆரம்பமாகும். பொத்தான் கண்ணில் படாவிட்டால் 'வியூ' பட்டியலில் வரவழைத்துக்கொள்ளலாம்.

சிலர் ஒலிபெருக்கிக்கு எதிரே கைப்பேசியை வைத்துப் பதிவு செய்கிறார்கள். பாட்டோடு குக்கர் விசிலும் பதிவாகிறது. வருகிற ஒலியை அப்படியே வட்டில் இறக்குவதே உத்தமம். விநாடிக்கு 64 கிலோபிட் வேகமுள்ள ஒலிபரப்பு, மணிக்கு சுமார் 29 மெகாபைட்தான் கொள்ளும். 32 கிகாபைட் பென்டிரைவில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் அடங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இணைப்பு அறுந்தால் பதிவும் அறுந்துபோகும். ஆகையால் நடுநடுவே எட்டிப் பார்ப்பது அவசியம். நிகழ்ச்சிக்கு இரண்டு நிமிஷம் முன்பே தொடங்குவதும் நலம்.

இது திருட்டாகாதா என்று தர்மவான்கள் கேட்பார்கள். 1957ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39வது பிரிவு, சொந்த உபயோகத்துக்கும் உண்மையான போதனைக்கும் ஆராய்ச்சிக்கும் ஒலிப்பதிவு செய்துகொள்வதை அனுமதிக்கிறது. அதைப் பிரதி எடுத்து விற்பதும், ஊருக்கெல்லாம் அனுப்புவதும் வேறு சங்கதி.

பதிவுக்குக் கம்ப்யூட்டர் தானாக வைக்கும் பெயரை நம்ப வேண்டாம். நிலையம், தேதி, பாடியவர், ராகம் இவற்றை அன்றே எழுதி வைக்க வேண்டும். பெயரில்லாத நூறு பதிவுகளில் பாட்டி கேட்கும் அந்த ஒரு கல்யாணியை யார் தேடுவது?