ஏலத்துக்குப் போகிறீர்கள், பள்ளிக்கூடத்துக்கு?

போடி வணிகச் சகோதரர்களே! நேற்றைய ஏலத்தில் 8 மி.மீ. காய் என்ன விலைக்குப் போனது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வீர்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகனுக்குக் கணக்கு எடுப்பவர் யார் என்று கேட்டால் ஏன் விழிக்கிறீர்கள்?

'சேர்த்துவிட்டோம், இனி வாத்தியார் பாடு' என்கிறீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை! 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். 2022-இல் தமிழகத்தில் 20 பேர் கொண்ட குழுக்களை அமைத்தார்கள்; அதில் 15 பேர் பெற்றோர். பள்ளியைக் கண்காணிப்பதும், வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு.

விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் தாய் பகல் கூட்டத்துக்கு எப்படி வருவாள்? அன்றைய கூலியை யார் தருவார்? 'கூட்டத்தை மாலையில் வையுங்கள்' என்று தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியவர் யார்? ஒரு மணி நேரம் கடையைச் சாத்த முடிந்த நீங்கள்தான்! பதிவேட்டில் கையெழுத்து மட்டும் வாங்கினால் அது கூட்டமல்ல, கண்துடைப்பு.

ஆறு முதல் எட்டு வரை பிள்ளை தடம் மாறும் பருவம். வருகை குறைந்தாலும் வாசிக்கத் திணறினாலும் அந்த வாரமே வீட்டுக்குத் தெரிய வேண்டும். முழுப் பரீட்சை முடிந்த பிறகல்ல. சரிந்த காய் விலை அடுத்த பருவத்தில் ஏறலாம். பிள்ளை இழந்த ஆண்டு திரும்புமா?

இளைஞர்களே! உங்கள் பள்ளிக் குழுவில் யார் யார் என்று இந்த வாரமே கேளுங்கள். அடுத்த கூட்டம் என்றைக்கு என்பதைத் தெருத் தெருவாகச் சொல்லுங்கள்.