டாக்டர் செய்த தவறு: பாடமா, குற்றமா?

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்பது பழமொழி. "பேரை அல்ல ஐயா, வேரை! ஆயிரம் வேரைக் கொன்று மருந்து செய்தவன்தான் அரை வைத்தியன்" என்று திருத்துகிறவர்களும் உண்டு. வேரோ, பேரோ, ஒன்று நிச்சயம். வைத்தியம் கை பழகித்தான் வர வேண்டும். அந்தக் கை பழகுவதோ நோயாளியின் உடம்பில்.

நீந்தப் பழகுகிறவன் தவறினால் தண்ணீர் குடிப்பவன் அவனே. ஊசி போடப் பழகுகிறவர் தவறினால் அவதிப்படுவது இன்னொருவர். அந்த இன்னொருவர் உங்கள் பிள்ளையாக இருந்தால், "பாவம், இப்போதுதானே கற்றுக்கொள்கிறார்" என்று விட்டுவிடுவீர்களா?

விடமாட்டீர்கள். சட்டமும் விடுவதில்லை. ஆனால் கல்வி அறிஞர்கள் வேறு மாதிரி பேசுகிறார்கள். இந்த இரண்டு பேச்சும் எங்கே மோதுகின்றன, எங்கே சேருகின்றன என்பதைப் பார்ப்போம்.

தண்டனை எதைக் கற்றுக்கொடுக்கும்?

அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஸ்கின்னர், பழக்கம் எப்படி உண்டாகிறது என்பதை ஆராய்ந்தவர். பரிசு கொடுத்தால் செயல் வளரும் என்றார். தண்டனையில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அடி வாங்கியவன் அடியிலிருந்து தப்பும் வழியைத்தான் கற்றுக்கொள்கிறான் என்பது அவர் கருத்து. பள்ளிக்கூடத்தில் பிரம்படி பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

1984-ல் கோல்ப் என்பவர், அனுபவத்தின் மூலம் கற்பது பற்றி ஒரு நூல் எழுதினார். அனுபவம் மட்டும் போதாது. நடந்ததைத் திரும்பிப் பார்க்க வேண்டும், அதிலிருந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும், அந்த முடிவை மறுபடி செய்து பார்க்க வேண்டும் என்றார். இதன்படிதான் இங்கிலாந்தில் பயிற்சி டாக்டர்கள், "இன்று நான் எங்கே தவறினேன்?" என்று தங்கள் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறார்கள்.

ருஷ்ய அறிஞர் வைகாட்ஸ்கி இன்னொன்று சொன்னார். மாணவன் தனியாகச் செய்யக்கூடியது கொஞ்சம். தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் செய்யக்கூடியது அதிகம். கல்வி நடப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அப்படியானால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் அல்லவா? கதையே அங்கேதான் இருக்கிறது.

கேட்டவர் தப்பினார்

1978 டிசம்பரில் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ஒரு குறைமாதக் குழந்தை பிறந்தது. அதன் ரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறது என்று அளக்க, தமனிக்குள் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்த வேண்டும். இளம் டாக்டர் அதைச் சிரைக்குள் செலுத்திவிட்டார். கருவி குறைவான அளவைக் காட்டியது. குழந்தைக்குப் பிராணவாயு அளவுக்கு மீறிப் போயிற்று. குழந்தை ஏறக்குறைய முழுவதுமாகப் பார்வை இழந்தது.

வழக்கு 1986-ல் அப்பீல் கோர்ட்டுக்கு வந்தது. "நான் புதியவன்" என்ற வாதத்தைக் கோர்ட்டு ஏற்கவில்லை. எந்த வேலையில் அமர்ந்திருக்கிறாரோ அந்த வேலைக்கு உரிய திறமையைக் காட்டியே ஆக வேண்டும் என்றது. ஆனாலும் அந்த இளம் டாக்டர் தப்பினார். காரணம், குழாய் சரியாக இருக்கிறதா என்று தமக்கு மேலே இருந்த டாக்டரிடம் பார்க்கச் சொல்லியிருந்தார். மேலே இருந்தவர்தான் தவறைக் கவனிக்கவில்லை. பழி அவர் மீது விழுந்தது. (பார்வை போனதற்கு அந்தப் பிராணவாயுதான் காரணமா என்பது நிரூபிக்கப்படவில்லை என்று, 1988-ல் பிரபுக்கள் சபை மறு விசாரணைக்கு உத்தரவிட்டது தனிக் கதை.)

தெரியாதபோது கேட்பது மாணவனுக்கு அழகு என்கிறது கல்வி. அதுவே அவனுடைய சட்டக் கடமை என்றது கோர்ட்டு. இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

கேட்க ஆள் இல்லாதபோது

2011 பிப்ரவரி 18. லெஸ்டர் நகர ஆஸ்பத்திரிக்கு 6 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். வயிற்றுப்போக்கால் வந்த சோர்வு என்று முதலில் நினைத்தார் பயிற்சி டாக்டர் ஹடிஸா பாவா-கார்பா. உண்மையில் நச்சுக் கிருமி உடம்பு முழுவதும் பரவிக்கொண்டிருந்தது. அன்று இரவே சிறுவன் இறந்தான்.

டாக்டர் பிள்ளைப்பேறு விடுமுறை முடிந்து அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். ஒன்றுக்கு மேற்பட்ட வார்டுகளை அவரே கவனிக்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் பழுதானதால் ரத்தப் பரிசோதனை முடிவு மணிக்கணக்கில் தாமதமாயிற்று. மேற்பார்வை செய்ய வேண்டிய பெரிய டாக்டரோ வேறு ஊரில் இருந்தார். எதற்காகத் தெரியுமா? பாடம் நடத்துவதற்காக! மாலையில்தான் வந்தார். அவரிடம் பரிசோதனை எண்களைச் சொன்னார் பயிற்சி டாக்டர். "நீங்களே வந்து பையனைப் பாருங்கள்" என்று வற்புறுத்தவில்லை.

2015 நவம்பரில் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றார்கள். 2 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, அது நிறுத்திவைக்கப்பட்டது. 2018 ஜனவரியில் ஐகோர்ட்டு அவர் பெயரை டாக்டர்கள் பதிவேட்டிலிருந்தே அடிக்கச் சொன்னது. ஆகஸ்டில் அப்பீல் கோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. 2019-ல் நிபந்தனைகளுடன் வேலைக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. தண்டனைத் தீர்ப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய்க் கம்ப்யூட்டர் பழுதைச் சொல்லி ஆறுதல் கூற முடியுமா? முடியாது. அந்த டாக்டர் செய்த தவறுகள் சிறியவை என்று நானும் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். அவர் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்ததே அவருக்கு எதிராகச் சாட்சியாகிவிட்டது என்று இங்கிலாந்து டாக்டர்கள் மத்தியில் செய்தி பரவிற்று. ஜூரிகள் முன் அந்தக் குறிப்பேடு வைக்கப்படவில்லை என்று அவருக்காக வாதாடிய டாக்டர்கள் பாதுகாப்புச் சங்கம் விளக்கியது. பயம் விளக்கத்தைக் கேட்கவா போகிறது? உண்மையை எழுதலாமா, பூசி மெழுகி எழுதலாமா என்று பலர் யோசிக்கத் தொடங்கினார்கள். ஸ்கின்னர் சொன்ன "தப்பும் வழி" இதுதான்.

2018 ஜூனில் பேராசிரியர் சர் நார்மன் வில்லியம்ஸ் தலைமையிலான குழு இதைக் கவனித்தது. டாக்டர்களின் பதிவேட்டை நிர்வகிக்கும் கவுன்சில் இப்படிப்பட்ட குறிப்புகளைக் கேட்டு வாங்கும் அதிகாரம் கூடாது என்று சிபாரிசு செய்தது. நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரிகளுக்கு 2014 முதலே அங்கே சட்டம் இருக்கிறது.

நம் நாட்டில்

1995-ல் லூதியானா ஆஸ்பத்திரி ஒன்றில் மூச்சுத் திணறிய நோயாளிக்குப் பிராணவாயு சிலிண்டரைக் கொண்டுவந்தார்கள். சிலிண்டர் காலி! நோயாளி இறந்தார். டாக்டர்கள் மீது கிரிமினல் வழக்கு வந்தது. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர்களை விடுவித்தது. சிலிண்டர் இல்லாதது ஆஸ்பத்திரியின் குறை. நஷ்ட ஈடு கேட்கலாம், டாக்டரைக் குற்றவாளியாக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். மிகக் கடுமையான அசட்டை இருந்தால்தான் கிரிமினல் குற்றம் என்றும், சாதாரணமாகக் கைது செய்யக்கூடாது என்றும் சொன்னது.

அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின்படி, அசட்டையால் உயிர் போகச் செய்தால் யாராக இருந்தாலும் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 5 ஆண்டாக உயர்ந்துவிட்டது. சிகிச்சை செய்யும்போது தவறும் டாக்டருக்கு மட்டும் 2 ஆண்டு என்று சலுகை. டாக்டர் என்றால் யார்? மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் என்கிறது சட்டம்.

நர்சின் பெயர் அந்தப் பதிவேட்டில் இல்லை. ஒரே வார்டு, ஒரே நோயாளி, ஒரே தவறு. டாக்டருக்கு 2, நர்சுக்கு 5! இரவு நேரத்தில் மருந்து மாறிப்போனதை முதலில் அறிகிறவர் பெரும்பாலும் நர்சுதான். விடியும்வரை காத்திராமல், உடனே டாக்டரை எழுப்பி, "என் கையால் தவறு நடந்துவிட்டது" என்று அவர் சொல்லவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.