கடலில் வரும் ஆள் யார்?

"எந்த ஊர் படகு?"

"கோட்டைப்பட்டினம்."

"எத்தனை பேர்?"

"நாலு பேர், சார்."

"எல்லாரும் அட்டையைக் காட்டுங்க!"

புதுக்கோட்டை மாவட்டக் கடலில் இந்தப் பேச்சு புதிதல்ல. மாவட்டத்தின் கடற்கரை நீளம் சுமார் 42 கிலோ மீட்டர்தான். ஆனால் எதிரே பாக் ஜலசந்தி. அதற்கு அப்பால் இலங்கை. கடல் அட்டையைக் கடத்துகிறவனும் இந்த வழியேதான் போகிறான். அடையாள அட்டையோடு மீன் பிடிக்கிறவரும் இந்த வழியேதான் போகிறார். யார் எவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படகு அசல், ஆள் போலி

2008-ம் ஆண்டு நவம்பர் மாதம். கராச்சியில் இருந்து கடல் வழியாக 10 பயங்கரவாதிகள் புறப்பட்டார்கள். நடுக்கடலில் "குபேர்" என்ற குஜராத் மீன்பிடிப் படகைப் பிடித்தார்கள். படகில் இருந்த மீனவர்களைக் கொன்றார்கள். அதே படகில் மும்பை நோக்கி வந்தார்கள். இந்தியப் படகு, இந்தியப் பதிவு. சந்தேகப்பட என்ன இருக்கிறது? கரைக்குச் சற்றுத் தூரத்தில் ரப்பர் படகுக்கு மாறி, 26-ந் தேதி இரவு மீனவர் குப்பத்தின் அருகே இறங்கினார்கள். அந்தத் தாக்குதலில் 166 பேர் மாண்டார்கள்.

படகின் நம்பரைப் பார்த்தால் போதாது, ஆளையும் பார்க்க வேண்டும் என்று சர்க்காருக்கு அப்போது புரிந்தது. 2009-ல் கடல் மீனவர்களுக்குக் கைரேகை பதிந்த அடையாள அட்டை வழங்கும் திட்டம் வந்தது. கயிறு இழுத்து இழுத்து ரேகை தேய்ந்துபோன கைகளில் ரேகை எடுத்தார்கள் என்பது வேறு கதை!

வேஷம் போட்ட போலீஸ்

அட்டை வந்தால் போதுமா? பார்க்கிறவர் கண் விழிப்பாக இருக்கிறதா என்று சோதிக்க "சாகர் கவாச்" என்ற ஒத்திகை நடக்கிறது. "கடல் கவசம்" என்று பொருள்.

போலீசாரும் கடற்படையினரும் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒரு கட்சி பயங்கரவாதி வேஷம் போடுகிறது. கைலி கட்டி, டம்மி வெடிகுண்டை மறைத்துக்கொண்டு, மீன்பிடிப் படகில் கரை ஏறப் பார்க்கிறது. இன்னொரு கட்சி மடக்கிப் பிடிக்க வேண்டும். கைலி கட்டிக்கொள்ள ஒரு நிமிஷம் போதும். அலையில் ஆடும் படகில் கால் ஊன்றி நிற்க வருஷக்கணக்கில் பழக வேண்டுமே! இதைப் பார்த்தே சொல்லிவிடக்கூடியவர் மீனவர்தான். அதனால்தான், புது ஆள் தென்பட்டால் 1093 என்ற டெலிபோன் எண்ணுக்குச் சொல்லும்படி கடலோரப் போலீசார் அவர்களையே கேட்டுக்கொள்கிறார்கள்.

வெளிநாட்டில் இதையே கம்ப்யூட்டர் விளையாட்டாகச் செய்திருக்கிறார்கள். 2013-ல் லூக்காஸ் போப் என்பவர் உண்டாக்கிய "பேப்பர்ஸ், ப்ளீஸ்" அது. ஆடுகிறவர் எல்லைச் சாவடி அதிகாரி. பாஸ்போர்ட்டில் உள்ள படம், தேதி, முத்திரை எல்லாவற்றையும் ஒத்துப் பார்க்க வேண்டும். தவறினால் அபராதம். தாமதித்தாலோ கூலி குறையும். வீட்டில் குடும்பம் பட்டினி.

விளையாட்டில் பட்டினி அதிகாரியின் வீட்டில். கோட்டைப்பட்டினத்தில் தாமதத்தால் வரும் நஷ்டம் சோதிக்கப்படுகிறவருடையது. விசைப்படகுகள் வாரத்தில் 3 நாள்தான் கடலுக்குப் போகும் வழக்கம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் வேறு. டீசலும் ஐஸும் ஏற்றிய பிறகு பாதி நாள் போனால், அந்தப் பணத்தை யார் கொடுப்பார்கள்?

எந்தப் பக்கத்து ஆள்?

போலி ஆளைப் பிடிப்பதுகூட ஒருவகையில் சுலபம். எந்தக் கட்டத்திலும் அடங்காத ஆளை என்ன செய்வது?

2021 ஜனவரி 18-ந் தேதி கோட்டைப்பட்டினத்தில் இருந்து 4 பேருடன் ஒரு விசைப்படகு போனது. நெடுந்தீவுக் கடலில் இலங்கைக் கடற்படைக் கப்பலுடன் மோதி அது மூழ்கியது. யார் மேல் தவறு என்பதில் கடற்படை ஒன்று சொன்னது, மீனவர்கள் வேறொன்று சொன்னார்கள். 4 பேரும் இறந்தார்கள்.

அவர்களில் ஒருவர் மண்டபம் முகாமைச் சேர்ந்த இலங்கைத் தமிழ் அகதி. இந்தக் கரையில் அவர் அகதி. அந்தக் கரையின் கடற்படைக்கோ அவர் எல்லை தாண்டி வந்த இந்தியப் படகின் ஆள். பிழைக்க அவருக்குத் தெரிந்த தொழில் கடலில் இருந்தது. கடலுக்கு நடுவே இரண்டு நாட்டின் கோடு இருந்தது.

சில நாள் கழித்து இலங்கைக் கடற்படை உடல்களை நடுக்கடலில் ஒப்படைத்தது. நாலு உடல்களும் ஒன்றாகவே கோட்டைப்பட்டினம் துறைக்கு வந்து சேர்ந்தன.