கட்டணமில்லாக் கச்சேரியும் கற்றுக்கொள்ளும் பிள்ளையும்

நாங்கள் சிறுவராயிருந்த நாளில், சிக்கலில் மீலாது விழாக் கச்சேரி என்றால் ஊர் பகலிலேயே உறங்கி எழுந்துவிடும். (சிக்கல் என்றவுடன் நாகைக்கு அருகிலுள்ள சிங்காரவேலர் கோயில் ஊரையே பலரும் எண்ணுவர். நான் குறிப்பது ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கத்துச் சேதுநாட்டுச் சிக்கலை.) மிளகாய் காயவைக்கும் களத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துப் பாய் விரிப்பார்கள். ஒருபுறம் பெண்களுக்குத் துணித் தட்டி கட்டுவார்கள். நுழைவுச் சீட்டு என்னும் பேச்சே இல்லை. செலவு தலைக்கட்டு வரியிலும் கொழும்புக்கும் மலேசியாவுக்கும் சென்றிருந்தோர் அனுப்பும் பணத்திலும் கழியும். அண்டை ஊர்களின் இந்துப் பெருமக்களும் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து முன்வரிசையில் அமர்ந்துவிடுவர்.

வெளியூரிலிருந்து வந்த பாடகர் மேடை ஏறுமுன் உஸ்தாதிடம் பைத்து பயின்ற பிள்ளைகள் தப்ஸ் தட்டிப் பாடுவது வழக்கம். ஓராண்டு வந்த பாடகர் எங்கள் பைத்து முடிந்ததும் என்னையும் என் மாமா மகனையும் போகவிடாமல் பக்கத்தில் இருத்திக்கொண்டார். அன்றிரவு முழுவதும் பல்லவியை நாங்கள் வாங்கிப் பாட வேண்டும் என்றார். மூன்றாவது பாட்டிலேயே என் குரல் உடைந்துவிட்டது. சபை சிரிக்குமுன், அவர் ஆர்மோனியக்காரர் பக்கம் திரும்பி விரலைத் தாழ்த்திக் காட்டினார். அடுத்த பாட்டு அரைக்கட்டை இறங்கித் தொடங்கிற்று. ஊதியம் பெற்றுப் பாட வந்த ஒருவர் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனுக்காகத் தம் சுருதியைக் குறைத்துக்கொண்டார். நான் பாடகனாகவில்லை. ஆயினும் இசை என்பது என்ன, சபை என்பது என்ன என்பதை அன்று கற்றேன். பின்னர் எந்த வகுப்பறையிலும் அதனை அவ்வாறு கற்றதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரின் விழாவுக்கு என் மாணவன் ஒருவனை அழைத்துச் சென்றேன். நல்ல சாரீரம் உடையவன். பாட வாய்ப்புத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாலை ஐந்தரை மணிக்கு, பந்தலில் நாற்காலி அடுக்குவோர் நால்வரைத் தவிர ஒருவரும் இல்லாத வேளையில், அவனை மேடையில் ஏற்றினர். இரண்டு பாட்டு முடிந்ததும் ஒலிபெருக்கிக்காரர், "மைக் சரியா இருக்கு, தம்பி இறங்கலாம்" என்றார். இரவு ஒன்பது மணிக்கு இசைக்குழு வந்தது, பெருந்தொகை பெற்றது, பதிவு செய்து கொணர்ந்த பின்னணி இசையை ஓடவிட்டுப் பாடிற்று. அதனோடு ஒரு பிள்ளை எப்படிச் சேர்ந்து பாட முடியும்? பதிவான இசைக்குச் சுருதியை இறக்கத் தெரியாது. அம்மாணவன் இப்போது வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறான். பாடுவதுண்டா என்று தொலைபேசியில் கேட்டேன்; சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினான்.

விழா நடத்துவோரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்கள் இன்றும் கைப்பொருள் செலவிட்டு ஊருக்கு இசையைக் கட்டணமின்றித் தருகிறார்கள். தேர்ந்த கலைஞரும் பயிலும் பிள்ளையும் ஒரே மேடையில் அமரும் வழக்கம் மட்டும் அதிலிருந்து கழன்று போய்விட்டது. எஞ்சி நிற்பது இலவசக் காட்சி. காட்சியைக் காண்பதற்குத் தொலைக்காட்சியே போதுமே!

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ் இசையை எண்ணிப் பார்க்கலாம். எழுதிவைத்ததை அப்படியே வாசிக்கும் இசையன்று அது. நம் கச்சேரியில் கற்பனைச் சுரம் பாடுவது போல, ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரும் முறை வைத்துத் தத்தம் மனோதர்மத்தால் விரிப்பர். இத்தகைய இசையை ஏட்டில் மட்டும் பயில இயலாது. வல்லவர் பக்கத்தில் நின்றே பழக வேண்டும். அந்நகரில் இறுதி ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் ஊதுகுழல் இசைக்குழுக்கள் தெருவில் வரும். அவற்றின் பின்னால் ஆடிப்பாடிச் செல்லும் கூட்டத்துக்கு 'இரண்டாம் வரிசை' என்றே பெயர். 1901இல் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங் அந்தத் தெரு இசையைக் கேட்டு வளர்ந்த ஏழைச் சிறுவர்களுள் ஒருவர். புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டதற்காகச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்த இசைக்குழுவில் 1913இல் முறையாகக் கார்னெட் ஊதக் கற்றார். ஜோ ஆலிவர் என்னும் மூத்த கலைஞர் அவரைத் தம் பிள்ளைபோல் பேணி, 1922இல் சிகாகோவுக்கு அழைத்துத் தம் பக்கத்திலேயே நிறுத்தி வாசிக்கச் செய்தார். உலகம் பின்னர் கேட்டு வியந்த எக்காளம் அந்தப் பக்கத்து இடத்திலிருந்து கிளம்பியதே.

நம் பக்கத்திலும் இதற்குச் சான்று உண்டு. இசைமுரசு நாகூர் இ. எம். ஹனிபா 1925இல் இராமநாதபுரத்தில் பிறந்தவர் என்பதை நம் மாணவர் பலரும் அறியார். நாகூரில் சிறுவனாகப் பைத்து சபாவில் சேர்ந்து பாடத் தொடங்கியவர் அவர். திருமண ஊர்வலத் தெருவே அவருக்குக் கல்லூரி. 2015இல் மறையும் வரை அவர் குரல் சமய எல்லைகளைக் கடந்து ஒலித்தது. இதே சேது மண்ணின் பூச்சி சீனிவாச ஐயங்கார் தம் மாணவர் அரியக்குடி இராமானுச ஐயங்காரை ஆளாக்கியதும் குருகுல முறையிலேதான். குருவின் பின்னால் அமர்ந்து தம்பூரா மீட்டிப் பின்பாட்டுப் பாடும் இளைஞனுக்கு அம்மேடையே வகுப்பறை. நம் பைத்து சபாவும் அந்தக் குருகுலமும் நியூ ஆர்லியன்சின் இரண்டாம் வரிசையும் ஒரே வேலையைத்தான் செய்தன.

இனிப் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். இலவசக் கச்சேரி என்றவுடன், கலைஞரும் இலவசமாகப் பாடிவிட்டுப் போக வேண்டும் என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. இதுகுறித்து ஜாஸ் கலைஞர்களின் நாடு நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. இசைத்தட்டுகளும் வானொலியும் பெருகியபோது உணவு விடுதிகளிலும் நடனக் கூடங்களிலும் வாசித்துப் பிழைத்தவர்கள் வேலை இழந்தனர். ஒரு முறை ஊதியம் வாங்கிக்கொண்டு வாசித்த இசைத்தட்டே அடுத்த நாள் தங்கள் இடத்தைப் பறித்துக்கொள்வதை அவர்கள் கண்டார்கள். அவர்களது தொழிற்சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ 1942 ஆகஸ்டில், இனி ஒரு தட்டுக்கும் வாசிப்பதில்லை என்று அறிவித்தார். போர்க்காலத்தில் இவ்வளவு பிடிவாதமா என்று செய்தித்தாள்கள் அவரை ஏசின. அதிபர் ரூசுவெல்டே வேண்டுகோள் விடுத்தும் அவர் இணங்கவில்லை. சில நிறுவனங்கள் 1943இலும் பெரிய நிறுவனங்கள் 1944 நவம்பரிலும் உடன்பட்டன. உடன்பாடு இதுதான்: விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிறு தொகை தனி நிதிக்குச் செல்ல வேண்டும், அந்நிதியிலிருந்து கலைஞர்க்கு ஊதியம் கொடுத்துப் பொதுமக்களுக்குக் கட்டணமில்லாக் கச்சேரி நடத்த வேண்டும். சட்டம் மாறியதால் மீண்டும் ஒரு போராட்டம் நடந்து, 1948இல் அது தனி அறக்கட்டளை நிதியாக அமைந்தது. பூங்காக்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அந்நிதி எத்தனையோ நிகழ்ச்சிகளுக்குக் கை கொடுத்தது. கேட்பவருக்கு இலவசம், வாசிப்பவருக்குக் கூலி உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிந்ததே அவர்களது அறிவுடைமை.

பியானோக் கலைஞர் பில்லி டெய்லர் 1964இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 'ஜாஸ்மொபைல்' என்னும் அமைப்பைத் தோற்றுவிக்க முன்னின்றார். ஊர்தி ஒன்றையே மேடையாக்கி, கோடைக்கால மாலைகளில் தெருமுனைகளுக்கே கச்சேரியைக் கொண்டு சென்றனர். விடுதிக்குச் சென்று சீட்டு வாங்க இயலாத மக்கள் வாயிற்படிகளில் அமர்ந்து தேர்ந்த கலைஞர்களைக் கேட்டனர். அத்துடன் அவர்கள் நில்லாது, இளையோருக்கு அக்கலைஞர்களே கற்பிக்கும் சனிக்கிழமைப் பயிற்சியையும் ஏற்படுத்தினர். தெருவில் கேட்ட பிள்ளை சனிக்கிழமை வந்து கருவியைத் தொடலாம். கேட்பதற்கும் கற்பதற்கும் இடையே வழி திறந்திருந்தது.

தமிழ்நாட்டில் திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையை இதனோடு ஒப்பிடலாம். அங்கும் சீட்டு இல்லை. புகழ்பெற்றோரும் பயில்வோரும் எதிரெதிர் வரிசைகளில் அமர்ந்து பஞ்சரத்தினம் பாடுகின்றனர். கலைஞர் அங்கு ஊதியம் பெறுவதில்லை; அது அவர்கள் குருவுக்குச் செய்யும் வணக்கம். அதனை ஊர் விழாவுக்கு முன்மாதிரியாக்கிக் கலைஞரிடம் தியாகம் எதிர்பார்ப்பது பொருந்தாது. நமக்கு இன்னும் நெருக்கமானது சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய மீனவக் குப்பத்தில் 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா. டி. எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் ஊர்மக்களோடு சேர்ந்து நடத்திய அவ்விழாவில் கர்நாடக இசையும் பரதமும் பறையாட்டமும் வில்லுப்பாட்டும் கடற்கரை மணலில் ஒன்றாக இடம்பெற்றன. சபாக் கலையைக் குப்பத்துக்குக் கொண்டுசெல்வதால் சாதி வேறுபாடு தீர்ந்துவிடுமா என்று வினவியோரும் உண்டு. தீராது. ஆயினும் குப்பத்துச் சிறுவன் ஒருவன் இசைக்கலைஞர் ஒருவரை நாலடித் தொலைவில் கண்டான் என்பது சிறு செய்தியன்று.

நம் சமுதாயத்தில் எழும் ஒரு தடையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இசைக்கருவி ஆகுமா ஆகாதா என்பதில் ஆலிம் பெருமக்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்க்க ஒரு தமிழாசிரியனுக்குத் தகுதி இல்லை. ஆகாது என்போர் மனத்தைப் புண்படுத்தி நடக்கும் கச்சேரி ஊருக்கு நன்மை தராது. குரலும் தப்ஸும் மட்டுமே கொண்டு ஓர் இரவை நிறைக்க முடியும் என்பதை எங்கள் உஸ்தாது காட்டியிருக்கிறார். தொண்டிக்கு அருகில் குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபின் பாடல்களுக்கு அவ்வளவே போதும். நான் வருந்துவது வேறொன்றைக் குறித்து. ஆகாது என்று சொல்லிப் பிள்ளையை மேடையிலிருந்து இறக்குகிறவர்கள், அதே இரவில் வெளியூர்க் குழுவின் மின்னணு இசைக்கு முன்வரிசையில் அமர்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கொள்கை என்றால் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டாமா?

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். திருமண வீடுகளில் நலங்குப் பாட்டும் தாலாட்டும் இட்டுக்கட்டிப் பாடுவதில் நம் பாட்டிமார் எவருக்கும் சளைத்தவரல்லர். அடியெடுத்துக் கொடுத்தவுடன் அடுத்த அடியை அங்கேயே புனைந்து பாடும் திறனைத்தானே ஜாஸ் கலைஞனிடம் உலகம் வியக்கிறது? அப்பாட்டுகள் பாதி போய்விட்டன. எஞ்சியவற்றை நம் மாணவியர் மகளிர் அவையிலேனும் பாட்டிமாரோடு அமர்ந்து பாடுவதற்கு எந்தத் தடையும் இருப்பதாக நான் காணவில்லை.

நம் துறைக்கும் பெரியோர்க்கும் நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. ஆண்டுக்கு ஒருமுறை, மிளகாய் எடுத்து முடிந்து களம் ஒழியும் நாளில், சிக்கல் போன்ற ஓர் ஊரில் கட்டணமில்லாக் கச்சேரி ஒன்றைத் தமிழ்த்துறை நடத்தலாம். ஒரே ஒரு தேர்ந்த பாடகரை அழைப்போம். அவருக்குரிய ஊதியத்தைப் பேரம் பேசாமல் முன்னதாகவே கொடுப்போம். இன்னிசைக் குழுவுக்கும் சீரியல் விளக்குக்கும் கொட்டும் பணத்தில் நாலில் ஒரு பங்கு இதற்குப் போதும் என்பது என் கணிப்பு. காலையிலேயே அவர் ஊருக்கு வந்துவிட வேண்டும். பகலில் நம் மாணவர் ஐந்தாறு பேரோடு அமர்ந்து பாட்டுகளைப் பழக வேண்டும். இரவில் அவர்களைத் தம் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாட வேண்டும். பதிவு செய்த பின்னணி இசை கூடாது. உடன்படும் பாடகரை மட்டுமே அழைப்பது. பிள்ளைகள் பாடும் நேரம் இரவு எட்டரைக்கு மேல்தான், சபை நிறைந்த பிறகு.

விளம்பரத் துண்டறிக்கையில் புரவலர் பெயர்கள் முதலில் வருவது நம் மரபு. அதை மாற்றச் சொல்லவில்லை. பாடகர் பெயருக்குக் கீழே, அதே எழுத்தளவில், உடன் பாடும் பிள்ளைகளின் பெயர்களையும் தந்தை பெயரோடு அச்சிடுங்கள். ஒலிபெருக்கியைச் சரிபார்க்கும் வேலையை ஒலிபெருக்கிக்காரரே செய்துகொள்ளட்டும்.