இடக்கரடக்கலும் குடற்புற்றும்

நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். அவற்றுள் முதலாவது, அவையில் வாய்விட்டுச் சொல்லத் தகாதவற்றை வேறு சொல்லால் மறைத்துக் கூறுவது. 'வெளிக்குச் சென்றான்', 'கால் கழுவி வந்தான்' என நாம் வழங்குவது இம்மரபு பற்றியே. தமிழ் பயிலும் நாம் இதனைப் பழிக்க எழுந்தோமல்லோம். அவைக்கு அஃது அணியே. ஆயினும், மருத்துவர் முன்னிலையிலும் அதனைக் கைவிடாதிருத்தல் உயிர்க்கு ஊறு செய்யும் என்பதே ஈண்டு நாம் சொல்லப் புகுந்தது.

பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்று, உலகில் மிகுதியாகக் காணப்படும் புற்றுகளுள் மூன்றாவது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 19 இலக்கம் பேர்க்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது; 9 இலக்கம் பேர் மாண்டனர். இந்நோய் ஒரே நாளில் வருவதன்று. பெரும்பாலும் குடலின் உட்சுவரில் பாலிப் எனப்படும் சிறு வளர்ச்சியாகத் தொடங்கும். அது புற்றாக மாறப் பத்தாண்டு அளவும் செல்லும். அவ்விடைக்காலத்தே கொலோனோஸ்கோப்பி வழியாக அதனைக் கண்டு அகற்றிவிட்டால், அதிலிருந்து புற்று எழாது தடுக்கலாம். இத்துணை அவகாசம் தரும் கொடிய நோய்கள் சிலவே. அவ்வவகாசத்தை நாணத்தால் இழப்பது எவ்வளவு பேதைமை!

மலத்தோடு குருதி வருதல். மலங்கழிக்கும் வழக்கம் மாறி, அடிக்கடி போதலோ, இளகிப் போதலோ, சிக்கலோ மூன்று வாரம் நீடித்தல். கழித்த பின்னும் கழியாதது போன்ற உணர்ச்சி. வயிற்றில் நோவு அல்லது கட்டி. காரணமின்றி உடல் மெலிதல். தீராத களைப்பு ஆகியவை இதன் குறிகள். இறுதியிற் கூறியது வஞ்சகமானது. கண்ணுக்குப் புலனாகாமல் குருதி சிறிது சிறிதாகக் கசிய, இரும்புச்சத்துக் குறைந்து சோகை உண்டாகும். படியேற மூச்சு வாங்குபவர் தம் குடலை ஐயுறுவரோ?

குருதியைக் கண்டவரும் 'மூலச்சூடு' என்று மோர் குடித்து அமைவர். நம் ஊர்ச் சுவர்களில் மூலம், பௌத்திரம் என்னும் விளம்பரங்களுக்குக் குறைவில்லை. (அங்கே மட்டும் இடக்கரடக்கல் காணோம்!) பலர்க்கு அது மூலமாகவே இருத்தல் உண்மை. ஆயின் மூலமா புற்றா என்று அறுதியிட வேண்டியவர் சோதித்துப் பார்த்த மருத்துவரேயன்றிச் சுவரில் எழுதினவர் அல்லர். மூலமுடையார்க்குப் புற்று வாராது என்னும் விதியும் இல்லை.

இது முதியோர்க்கே உரியது என்பாரும் உளர். வயது ஏற ஏற இடர் மிகும் என்பது மெய்யே. எனினும் சாட்விக் போஸ்மன் என்னும் அமெரிக்க நடிகர்க்கு 2016-இல் இந்நோய் மூன்றாம் நிலையிற் கண்டறியப்பட, 2020-இல் தம் 43-ஆம் வயதில் அவர் மறைந்தார். அந்நாட்டு வல்லுநர் குழு 2021-இல் சோதனை தொடங்கும் வயதை 50-லிருந்து 45 ஆகக் குறைத்தது. புகை, மது, உடற்பருமன், உழைப்பின்மை, நார்ச்சத்துக் குறைந்த உணவு என்பனவும் இடரை மிகுவிக்கும். உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சி புற்றுண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றாய்வு நிலையம் 2015-இல் அறிவித்தது.

இவையன்றிக் குடிவழியாக வருவதும் உண்டு. 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தையற்காரி ஒருத்தி, தன் குடும்பத்தார் பலர் புற்றினால் இறந்தமையால் தானும் அவ்வாறே இளமையில் இறப்பேன் என்று ஆல்ட்ரெட் வார்த்தின் என்னும் மருத்துவரிடம் கூறினாள். அவ்வண்ணமே கருப்பைப் புற்றினால் இறந்தாள். வார்த்தின் அவள் சொல்லைப் புறந்தள்ளாது, அக்குடும்ப வரலாற்றை ஆராய்ந்து 1913-இல் வெளியிட்டார். குடலையும் கருப்பையையும் தாக்கும் அக்குறை, பின்னர் அதனை ஆராய்ந்த ஹென்றி லிஞ்ச் பெயரால் இன்று லிஞ்ச் நோய்க்கூறு எனப்படுகிறது. அதனையுடைய பெற்றோரின் பிள்ளை ஒவ்வொருவர்க்கும் அது வருதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு.

அத்தையல் தன் குடும்பத்தார் எந்நோயால் இறந்தனர் என்று அறிந்திருந்தாள். நம் இல்லங்களிலோ, பாட்டனார் இறந்தது 'வயிற்றுக் கோளாறு' என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிடும். பேரனுக்கு அதற்குமேல் தெரியாது. பெற்றோர், உடன்பிறந்தார், பாட்டன் பாட்டியர் இவருள் யார்க்கு எந்த வயதில் எந்தப் புற்று வந்தது என்பதனை இவ்விடுமுறையிலேயே கேட்டு அறிந்து மருத்துவரிடம் கூறின், வேண்டுமாயின் சோதனையைப் பிறரினும் முன்னரே தொடங்க அவர் வழி சொல்லுவர்.