ஜப்பானில் குற்றம் குறைவு, சரி... சிக்கிக்கொண்டால்?

தோக்கியோவில் ரயிலில் கைத்தொலைபேசியை விட்டுவிட்டால் ரொம்பப் பதற வேண்டாம். திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்புண்டு. 2023ஆம் ஆண்டில் மட்டும் 4 மில்லியனுக்கும் அதிகமான தொலைந்த பொருள்கள் அந்நகரக் காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டன.

இதைக் கேட்டு வியக்கும் வெளிநாட்டவர்கள் இன்னோர் எண்ணையும் கவனிக்கலாம். 99 விழுக்காடு.

ஜப்பானிய நீதிமன்றங்களில் விசாரிக்கப்படுவோரில் அதைவிடக் கூடுதலானோர் குற்றவாளி என்றே தீர்ப்பளிக்கப்படுகின்றனர்.

காவல்துறை அவ்வளவு கெட்டியா?

முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. நிச்சயம் ஜெயிக்கும் என்று தெரிந்தால்தான் அரசாங்க வழக்கறிஞர்கள் வழக்கு தொடுப்பார்கள். பிடிபடுவோரில் பெரும்பாலோர் நீதிமன்றத்துக்கே போவதில்லை. ஒப்புக்கொண்டு, வருந்தி, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் கொடுத்தால் பல நேரங்களில் விட்டுவிடுவார்கள்.

முதல்முறை கடையில் திருடிச் சிக்கியவருக்கு இது கருணைதான். ஆனால், "நான் செய்யலை" என்று சொல்பவருக்கு?

அவர் பாடு திண்டாட்டம். வழக்கு பதிவாகும் முன்பே 23 நாள் வரை தடுத்து வைக்கலாம். அதுவரை ஜாமீன் கிடையாது. விசாரணை அறையில் வழக்கறிஞர் பக்கத்தில் உட்கார உரிமையில்லை. இன்னொரு குற்றச்சாட்டில் மீண்டும் கைது செய்தால், 23 நாள் முதலிலிருந்து தொடங்கும். ஜப்பானிய வழக்கறிஞர்களே இதைப் 'பிணைக்கைதி நீதி' என்கின்றனர். கடுமையான சொல்தான், பொருத்தமானதும்கூட.

ஹக்காமாதாவுக்கு என்ன நடந்தது?

இவாவ் ஹக்காமாதா, முன்னாள் குத்துச்சண்டை வீரர். ஷிஸுவோக்காவில் மிசோ நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். 1966இல் அதன் மேலாளர் குடும்பத்தில் நால்வர் கொல்லப்பட்டபோது அவர் கைதானார். நாள்தோறும் பல மணி நேர விசாரணை. கிட்டத்தட்ட 20 நாள் கழித்து ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தில் மறுத்தார். 1968இல் மரண தண்டனை.

கொலை நடந்து ஓராண்டுக்கும் மேல் ஆனபின், மிசோ தொட்டியிலிருந்து ரத்தக்கறை படிந்த துணிகள் 'கிடைத்தன'. கறை இன்னும் சிவப்பாக இருந்தது. அவ்வளவு காலம் மிசோவில் ஊறிய ரத்தம் கறுத்துப்போயிருக்காதா? பல ஆண்டுகளுக்குப் பிறகு வழக்கே இந்தக் கேள்வியில்தான் வந்து நின்றது.

2024 செப்டம்பரில் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பானது. துணிகள், வாக்குமூலம் உள்ளிட்ட ஆதாரங்கள் புனையப்பட்டவை என்றது நீதிமன்றம். அப்போது அவருக்கு வயது 88. அடைபட்டிருந்த சுமார் 47 ஆண்டுக்கு, நாளுக்கு 12,500 யென் என்ற கணக்கில் 217 மில்லியன் யென் இழப்பீடு. அதாவது ஏறக்குறைய 2 மில்லியன் வெள்ளி.

மாற்றம் வந்ததா?

கொஞ்சம். 2019 முதல் சில வகை வழக்குகளில் விசாரணை முழுவதையும் பதிவு செய்வது கட்டாயம். ஆனால் மொத்த வழக்குகளில் அவை சிறு பகுதிதான்.

ஹக்காமாதாவுக்கு மறுவிசாரணை என்று நீதிமன்றம் முதலில் சொன்னது 2014இல். அரசாங்கத் தரப்பு மேல்முறையீடு செய்ய, இன்னும் 10 ஆண்டு ஓடியது. அந்த மேல்முறையீட்டு உரிமையைத் தொடர விடுவதா, நீக்குவதா என்பதே தீர்ப்புக்குப் பிறகு ஜப்பானில் சூடுபிடித்த விவாதம்.